மூன்று மணிச் சிவப்பு

எங்கள் எட்டுப் பேரின் உழைப்பும் ஒரு காலத்தில் எட்டுக் கோடுகளாகத் தினமும் சாயங்காலம் என் போனுக்கு வந்துகொண்டிருந்தது. கோடு பச்சையாக இருந்தால் அந்த ஆள் வேலை பார்த்தார் என்று பொருள். சிவப்பாக இருந்தால் பார்க்கவில்லை. என் கோடு காலை ஒன்பதரையிலிருந்து ஆறு வரை வாழைத்தோப்பு மாதிரி பச்சைப்பசேல் என்று இருக்கும். அந்தப் பச்சைக்குப் பின்னால் இருந்த கதையை நான் இரண்டே பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். ஒருவர் என் முதலாளி, இன்னொருத்தி என்னோடு வேலை பார்ப்பவள். இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

எங்களுடையது காகித வேலை. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வெளிநாடு போகும் சரக்கு எதுவானாலும், கயிறு, நிலாவாரை இலை, உறைய வைத்த இறால், தீப்பெட்டி, அதற்கான கப்பல் பத்திரங்களைத் தயார் செய்து கொடுப்போம். கன்டெய்னரை இங்கே எல்லோரும் பெட்டி என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண், அதன் கதவில் போட்ட சீலுக்கு ஓர் எண். பெட்டி எண்ணைத் தப்பாக அடித்தால் கம்ப்யூட்டரே கத்தும். சீல் எண்ணுக்காகக் கத்த யாரும் கிடையாது. அதில் ஒரு எண் மாறினால் பெட்டி கடல் கடந்து போய், போன இடத்தில் கேள்வி கேட்க நாதியில்லாமல் நிற்கும். இங்கே நாங்கள் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்போம்.

அதனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தோம். மூன்று மணியானால் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு இரண்டிரண்டு பேராக உட்காருவோம். ஒருவர் தொழிற்சாலையிலிருந்து வந்த பட்டியலைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் நாங்கள் அடித்த பத்திரத்தில் எண்ணைத் திருப்பிச் சொல்லி டிக் அடிப்பார். எட்டுப் பேர், நான்கு ஜோடி, எல்லாம் ஒரே நேரத்தில். கீழே டீக்கடையில் நிற்பவர்கள் மேலே மீன் ஏலம் நடக்கிறது என்று கேலி செய்வார்கள். எனக்கு ஏழு வருடம் ஒரே ஜோடி. என்னைவிடப் பத்து வயது இளையவள், கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், கணவன் கப்பல் வேலைக்காரன். எனக்குக் குரல் பெரிது, அவளுக்குக் காது கூர்மை. என் வாயிலிருந்து தப்பாக ஒரு எண் வந்துவிட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பென்சிலை மேசையில் ஒரு தட்டு தட்டுவாள்.

கொரோனா வந்து ஊரையெல்லாம் அடைத்தபோது துறைமுகத்தை அடைக்கவில்லை. கப்பல் வந்தது, பெட்டி போனது, காகிதமும் போக வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வீட்டுக்குப் போனோம். இரண்டு வாரத்துக்கு என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை. ஊர் திறந்த பிறகும் முதலாளி எங்களைத் திரும்பக் கூப்பிடவில்லை. மாடியைக் காலி செய்துவிட்டுக் கீழே ஓர் அறையை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டார். வீட்டிலிருக்கும் எட்டுப் பேரில் மூத்தவள் என்று என்னைப் பொறுப்பாளர் ஆக்கினார். மேலேயிருந்து பார்த்தால் நான் வேலைக்காரி. கீழேயிருந்து பார்த்தால் முதலாளியின் ஆள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை அந்தப் பதவியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

வீட்டிலிருந்து வேலை என்றால் சுகம் என்று பலர் நினைக்கிறார்கள். சுகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வீட்டிலிருப்பவளுக்கு வேலை இருக்கிறது என்பதை நம்ப ஊரில் ஒருவரும் தயாராக இல்லை. கேஸ் சிலிண்டர் வரும், பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வரும், என் வீட்டுக்காரரின் அத்தை வருவார், எல்லோரும் என்னிடமே வருவார்கள். எங்களில் கயத்தாற்றுப் பக்கம் இருந்த ஒருவருக்குச் சிக்னல் கிடைக்க மொட்டை மாடிக்கு ஏற வேண்டும். சித்திரை வெயிலில் குடை பிடித்துக்கொண்டு பத்திரம் அனுப்பினார். வேலை எப்போது தொடங்குகிறது என்பது தெரியும், எப்போது முடிகிறது என்பது யாருக்கும் தெரியாது. முதலாளி ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் போன் போடுவார். எடுக்காவிட்டால் மறுபடி போடுவார். முன்பு அலுவலகத்தைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினால் நாள் முடிந்தது. இப்போது அலுவலகமே சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது.

முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். சாத்தான்குளம் பக்கத்துக்காரர். சிறு வயதில் பலசரக்குக் கடையில் தொடங்கி, லாரி வாங்கி, பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவர். நல்ல மனிதர், அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை இன்றும் இல்லை. ஆனால் கடைக்காரருக்குக் கல்லாவிலிருந்து பார்த்தால் எல்லா ஆளும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு நாள் என்னை வரச்சொல்லி, "கண்ணுல படாத ஆள வச்சு நான் எப்படிம்மா வேல வாங்க? அவ பத்திரம் அடிக்காளா, வடகம் காயப்போடுதாளான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு அவர் கண்டுபிடித்த பதில்தான் கோணல். யாரோ சொன்னார்கள் என்று எங்கள் கம்ப்யூட்டர்களில் எல்லாம் ஒரு மென்பொருளைப் போடச் சொன்னார். மவுஸ் அசைந்தால் பச்சை. பத்து நிமிடம் அசையாமல் கிடந்தால் சிவப்பு. சாயங்காலம் எட்டுக் கோடுகளும் அவருக்கும் எனக்கும் வந்துவிடும்.

முதல் வாரமே அதற்கு மருந்து பிறந்தது. யார் கண்டுபிடித்தார்கள் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. டேபிள் ஃபேனைத் திரும்பும்படி வைத்து, அதன் கூட்டில் ஒரு நூலைக் கட்டி, நூலின் மறுமுனையை மவுஸில் கட்டிவிட வேண்டும். ஃபேன் இந்தப் பக்கம் திரும்பினால் மவுஸ் இந்தப் பக்கம் வரும், அந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம் போகும். நான் குழம்பு தாளிக்கப் போகும்போது மட்டும் கட்டினேன். பிறகு துணி எடுக்கப் போகும்போது கட்டினேன். பிறகு நூலை அவிழ்ப்பதற்கே சோம்பலாக இருந்தது. நான்கு மாதம் என் பொறுப்புகளில் பாதியை அந்த ஃபேன்தான் பார்த்தது.

வேலை செய்யாமல் ஏமாற்றினேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். செய்தேன், எட்டு மணி நேரத்துக்கும் மேலேயே செய்தேன். ஆனால் மூன்று மணி வாசிப்பு மட்டும் எப்படியோ நின்றுபோனது. வாசித்தால் மவுஸ் அசையாது, கோடு சிவந்துவிடும். ஃபேனையும் கட்டிக்கொண்டு வாசித்திருக்கலாம், ஆனால் யார் யாரோடு எப்போது உட்காருவது என்று சொல்ல வேண்டியவள் நான். நான் சொல்லவில்லை. அவரவர் அடித்ததை அவரவரே ஒரு பார்வை பார்த்து அனுப்பினோம். தன் முதுகு தனக்குத் தெரியாது. திருத்தம் கேட்டுப் பத்திரங்கள் திரும்பி வரத் தொடங்கின. அண்ணாச்சி வீட்டு வேலையைக் குறை சொன்னார், நான் ஆட்களின் கவனக்குறைவைக் குறை சொன்னேன்.

எட்டுக் கோடுகளில் ஒரே ஒரு கோட்டில்தான் தினமும் ஒரே இடத்தில் சிவப்பு விழுந்தது. மூன்று மணிக்குத் தொடங்கும், மூன்றே முக்காலுக்கு முடியும். அது என் பழைய ஜோடியின் கோடு. மாடி காலியானதும் அவள் ஐந்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு கணவனின் ஊருக்குப் போய் மாமியாரோடு இருந்தாள். திருச்செந்தூர் போய் அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போக வேண்டிய கடற்கரைக் கிராமம். கணவனுக்கு ஒரு கப்பல் முடிந்தால் அடுத்த கப்பல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மாதம் தவறாமல் அந்த வீட்டுக்குள் வருவது அவள் சம்பளம்தான்.

அண்ணாச்சி அந்தச் சிவப்பை வட்டம் போட்டு அனுப்பினார். மத்தியானச் சோறு, மீன் குழம்பு, கடல் காற்று, ஒரு தூக்கம். வேறென்ன இருக்க முடியும் என்று கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் ஃபேன் என் கண் முன்னால் தலையை ஆட்டிக்கொண்டிருக்க, அவள் தூங்குவதை நினைத்து எனக்குக் கோபம் வந்தது. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை. நான் எழுந்து போவது குடும்பத்துக்காக, அவள் எழுந்து போவது சோம்பலுக்காக என்று என் மனசு ஒரு கணக்குப் போட்டு முடித்துவிட்டது.

ஒரு கடிதம் கொடுத்தால் மற்ற ஏழு பேரும் ஒழுங்காவார்கள் என்றார் அண்ணாச்சி. மூன்று நாளைக்குள் விளக்கம் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து அவள் தினமும் தூத்துக்குடிக்கு வந்து அவர் கண் முன்னால் உட்கார வேண்டும். பஸ்ஸில் போகவர ஐந்து மணி நேரம், வீட்டில் சின்னப் பிள்ளை. அது வேலையை விடச் சொல்வதற்குச் சமம் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். கடிதம் எழுதுவதில் நான் கெட்டிக்காரி; கப்பல் கம்பெனிக்காரர்களே என் கடிதத்துக்குப் பயப்படுவார்கள். அரை மணி நேரத்தில் அடித்து அனுப்பிவிட்டேன்.

மூன்று நாளும் அவளிடமிருந்து பதில் இல்லை. வேலை மட்டும் வந்துகொண்டிருந்தது, ஒழுங்காக, நேரத்துக்கு. மூன்று மணிச் சிவப்பும் தவறாமல் வந்தது. நான்காம் நாள் காலையில் ஐம்பது பெட்டிக்கான ஒரு பத்திரத்தை நானே அடித்து, பெரிய பத்திரம் என்பதால் அன்று மட்டும் சரிபார்க்க அவளுக்கு அனுப்பினேன். அனுப்பிய பிறகு கோபம் இன்னும் ஏறியது. நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். திட்டப் போகிற வீட்டுக்கும் வெறுங்கையோடு போகக் கூடாது என்பதால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் முந்திரி மக்ரூன் அரை கிலோ வாங்கிக்கொண்டேன். பச்சை வேட்டி கட்டிய முருக பக்தர்கள் நிறைந்த பஸ்ஸில் திருச்செந்தூர் வரை நின்றுகொண்டே போனேன். நிற்க நிற்கச் சொல்ல வேண்டிய வார்த்தைகள் நாலிலிருந்து நாற்பதாகின.

அவள் வீட்டை அடைந்தபோது மூன்று மணி தாண்டியிருந்தது. கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறோம் என்று ஒரு சந்தோஷம்கூட இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே குரல் கேட்டது. முதலில் ஜெபமாலை சொல்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு வயதான குரல் ராகம் போல ஏதோ சொல்ல, ஒரு இளம் குரல் அதே ராகத்தில் திருப்பிச் சொல்லியது. கடற்கரை வீடுகளில் சாயங்காலம் கேட்கிற சத்தம்தான். இந்த நேரத்திலா என்று யோசித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன்.

மாமியார் தரையில் காலை நீட்டி, சுவரில் சாய்ந்து, மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு நீளமான காகிதம். அதைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். என் ஜோடி கம்ப்யூட்டருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, திரையைப் பார்த்து அந்த எண்ணைத் திருப்பிச் சொன்னாள். மாமியாருக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை இருந்தது. பத்துப் பெட்டி முடிந்ததும் ஒரு கொட்டையை எடுத்துத் தரையில் வைத்தார். மறுபடி அடுத்த பத்து. காலமெல்லாம் பத்துப் பத்தாக ஜெபமாலை சொல்லிப் பழகிய வாய்க்கு, ஐம்பது பெட்டி ஐந்து பத்துதான்.

அவர் என்னைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. "உக்காருங்கம்மா, இந்தப் பத்து முடிஞ்சிரட்டும்" என்றார்.

நான் மக்ரூன் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. மாமியார் சொல்ல, இவள் சொல்ல, அறுபது கிலோமீட்டர் தள்ளிப் போயும் எங்கள் பழைய மாடி அந்த அறைக்குள் இருந்தது. நாலாவது பத்தில் மாமியார் சட்டென்று கையைத் தூக்கினார்.

"ஏளா, நில்லு. எங்கிட்ட எட்டு இருக்கு. நீ மூணு சொல்லுத."

அவள் திரையைப் பார்த்தாள். மாமியார் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். பிறகு, கண்ணைக்கூட என் பக்கம் திருப்பாமல், "ஆஃபீஸ்ல மாறிப்போச்சு போல மாமி. திருத்திருவோம்" என்றாள்.

அது சீல் எண். மாற்றி அடித்தவள் நான். அன்று காலையில் நான் அதை ஒரு தடவை சரிபார்க்க வேண்டிய நேரத்தில் பிளம்பரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். எனக்காக ஃபேன் சரிபார்த்துக்கொண்டிருந்தது. அந்த மூன்று அப்படியே கப்பல் ஏறியிருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாற்பது வார்த்தையும் எங்கே போயின என்று தெரியவில்லை. கண் கலங்கியதை மறைக்கத் தண்ணீர் கேட்டேன்.

வாசிப்பு முடிந்த பிறகு மெல்லப் பேசினோம். கடிதத்துக்கு ஏன் பதில் போடவில்லை என்று கேட்டேன். வெளியாளிடம் வாடிக்கையாளர் காகிதத்தைக் காட்ட மாட்டோம் என்று நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மாமியாரை வைத்து வாசிக்கிறேன் என்று எழுதினால் அதற்கே வேலை போய்விடும் என்று அவளுக்குப் பயம். வாசிக்காமல் அனுப்பவும் மனசு வரவில்லை. அவள் அந்தக் காகிதத்தை என்னிடம் நீட்டினாள். தலைப்பில் கம்பெனி பெயர், விலாசம், சரக்கு விவரம் எல்லாவற்றையும் கத்தரித்து எடுத்துவிட்டு வெறும் எண்களை மட்டும்தான் மாமியார் கையில் கொடுத்திருந்தாள். முடிந்ததும் அதுவும் அடுப்புக்குப் போகும்.

"நம்பரு மட்டும்தாங்கா. எந்தக் கப்பல், எந்த ஊருன்னுகூட மாமிக்குத் தெரியாது" என்றாள்.

அந்தக் காகிதத்தை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். கடிதத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. ரத்து செய்ய எனக்கு அதிகாரம் இல்லை, இல்லாததைச் சொல்லி ஆறுதல் கொடுக்கவும் பிடிக்கவில்லை. மாமியார் மக்ரூனை ஒரு தட்டில் கொட்டி எனக்கே கொடுத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அண்ணாச்சியின் அறையில் இருந்தேன். நான்கு மாதத்துக் கோடுகளையும், அதே நான்கு மாதத்தில் யார் யார் பத்திரம் திருத்தத்துக்குத் திரும்பி வந்தது என்ற பட்டியலையும் கையில் கொண்டுபோயிருந்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மாமியார் என்றதும் அவர் முகம் சுருங்கியது. கத்தரித்த காகிதத்தை எடுத்து வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறகு சொன்னார், அது சரி, ஆனாலும் ஒருத்தி முக்கால் மணி நேரம் சிவப்பில் இருப்பதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் நாளைக்கு எட்டுப் பேரும் அதையே செய்வார்கள், பொறுப்பாளராகிய நானே நாள் முழுக்கப் பச்சையில் இருக்கவில்லையா என்று. என்னைப் பாராட்டித்தான் சொன்னார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு அந்தக் கனத்தைச் சுமந்து சலித்துவிட்டது. அவளைக் காப்பாற்ற வேறு வழியும் இல்லை.

"அந்தப் பச்ச என்னுது இல்ல, அண்ணாச்சி. எங்க வீட்டு டேபிள் ஃபேனோடது" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நூலையும் மவுஸையும் விளக்கினேன். மேசை மேலிருந்த அவருடைய ஃபேனையே திருப்பிக் காட்டினேன். எத்தனை நாளாக என்று கேட்டார். நான்கு மாதம் என்றேன். வேறு யாரெல்லாம் என்று கேட்டார். என் வீட்டு ஃபேனைப் பற்றி மட்டும்தான் எனக்குத் தெரியும் என்றேன்.

"ஒன்ன என்ன செய்யலாம்னு நீயே சொல்லு" என்றார்.

"வேலைய விட்டு நிறுத்துனாலும் சரிதான். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கப்பலுக்குப் பேப்பர் போகணும். அத முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

வீம்புக்குச் சொல்லவில்லை. இருபது வருடம் இந்த வேலை பார்த்தவள், வேலை எனக்குத் தெரியும், அந்தத் தைரியத்தில் சொன்னேன். அவர் திருத்தப் பட்டியலை இழுத்துக் கோடுகளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினார். பலசரக்குக் கடையில் சரக்கு இருப்புப் பார்த்த விரல் அது. முழுப் பச்சைக்காரர்களுக்கு எதிரே எல்லாம் திருத்தம் இருந்தது. என் பெயருக்கு எதிரேயும் இருந்தது. அவள் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை.

விரல் அங்கேயே நின்றது. "நீ அவளுக்கு எழுதுன கடுதாசி போன்ல இருக்கா? வாசி" என்றார்.

வாசித்தேன். 'தினமும் பிற்பகல் மூன்று மணி முதல் தாங்கள் பணியைக் கைவிட்டு ஓய்வெடுப்பது எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது. வீட்டிலிருந்து பணிபுரியும் சலுகையைத் தாங்கள் வாடிக்கையாகத் தவறாகப் பயன்படுத்தும் போக்கு...' அதோடு நிறுத்திவிட்டேன். அடிக்கும்போது அழகாக இருந்த கடிதம் அது. ஏழு வருடம் ஏளா என்று கூப்பிட்ட பெண்ணைத் தாங்கள் என்று எழுதியிருக்கிறேன் என்பது வாய்விட்டு வாசித்தபோதுதான் காதில் விழுந்தது.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எழுதச் சொன்னது நான்தான். எனக்கு அவளத் தெரியாது. மாடியில எட்டுத் தலையில ஒரு தலையாத்தான் பாத்திருக்கேன். ஒனக்குத் தெரியும்லாம்மா."

வேலையை விட்டு நிறுத்துவதாக அவர் சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அன்று மத்தியானம் வரை அந்த அறையில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் முட்டிக்கொண்டோம். கோடுகளை எடுத்துவிட வேண்டும் என்றேன். எடுத்தால் தனக்கு என்ன தெரியும் என்றார். கப்பல் நேரத்துக்குக் காகிதம் போனதா, திரும்பி வந்ததா என்பது தெரியும், அதற்கு மேல் தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். மூன்று மணிக்கு எட்டுப் பேரும் ஜோடி ஜோடியாகப் போனில் வாசிப்பது என்று முடிவானது. வெளியாளை வைத்து வாசிக்கக் கூடாது என்பதில் அவர் பிடியைத் தளர்த்தவில்லை. அது சரிதான் என்று நானும் ஒத்துக்கொண்டேன். சாயங்காலம் ஏழுக்கு மேல் கப்பல் அவசரம் தவிர வேறு எதற்கும் போன் போடக் கூடாது என்று நான் சொன்னபோது அவர் முறைத்தார். அந்த விதியை இன்றுவரை வாரத்துக்கு ஒரு தடவையாவது மீறுகிறார், மீறும்போது மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மீறுகிறார். மாதம் ஒரு நாள் எல்லோரும் கீழ் அறைக்கு வந்து ஒன்றாக உட்கார வேண்டும், பஸ் செலவு அவருடையது. என் தண்டனையாக அந்த வருடச் சம்பள உயர்வை நிறுத்தினார். நியாயம்தான். அந்த உயர்வை ஃபேனுக்குத் தந்துவிடலாமே என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அடுத்த மாதத்திலிருந்து திருத்தம் கேட்டுத் திரும்பி வரும் பத்திரங்கள் அருகிப்போயின.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று அவர் அறையை விட்டு வெளியே வந்ததும் படியிலேயே நின்று அவளுக்குப் போன் போட்டேன். கடிதம் ரத்து, கோடும் ரத்து, இனி மூன்று மணிக்கு நானே வாசிக்கிறேன், மாமியாரிடம் சொல்லிவிடு என்றேன். என் ஃபேனைப் பற்றியும் சொன்னேன். நிறையப் பேசினேன். மன்னித்துவிடு என்பதை மட்டும் சொல்ல வரவில்லை, அதனால் மற்றதையெல்லாம் இரண்டிரண்டு தடவை சொன்னேன்.

அவள், "சரிக்கா" என்றாள். போனை வைக்கவில்லை. அவள் வீட்டுப் பக்கம் கடல் சத்தம் கேட்டது.

பிறகு, "ஒரு போனப் போட்டு, மூணு மணிக்கு என்னளா செய்யுதன்னு கேட்டிருக்கலாம்லாக்கா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். பக்கத்து நாற்காலியில் இருந்த ஏழு வருடமும் அவள் சாப்பிடாமல் டப்பாவை மூடினால்கூடத் திரும்பி, என்னளா என்று கேட்டவள் நான். இரண்டு பஸ் தூரம் தள்ளிப் போனதும் கேட்கத் தோன்றவில்லை, எழுதத்தான் தோன்றியது.

"ஆமாளா," என்றேன். "கேட்டிருக்கணும்."